என் பெயரை வெட்டச் சொன்ன அக்காவுக்கு

என் ஸ்தெல்லா அக்கா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இந்தியாவை வென்றுவிட்டோம்! இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணத்தில், அறுபது ஓவர் ஆட்டத்தில், டெஸ்ட் ஆடும் உரிமைகூட இன்னும் கிடைக்காத நம் ஆட்கள் வென்றுவிட்டார்கள். சனிக்கிழமை நம்மவர்கள் துடுப்பெடுத்தாடினார்கள். ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை இந்தியா ஆடியது. நடுவில் வந்த ஞாயிறு பூசையில் நான் எதற்காக மன்றாடினேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலை காசிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் வெற்றியைக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதே. சண்டை பிடித்தார்கள். "வெண்டது சரிகா, ஆனா நடுவில வாறவனுகள்ல ரெண்டு பேர மாத்தாட்டி அடுத்த தரம் அம்புட்டுத்தான்" என்று காசிம் நானா கரண்டியால் மேசையில் தட்டினார். வென்ற அணியையே மாற்றச் சொல்கிறாரே என்று ஒரு பக்கம் கத்தியது, அவர் சொல்வதுதான் சரி என்று மறுபக்கம் கத்தியது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ யாரை மாற்றச் சொல்லியிருப்பாய், அக்கா?

நீ எங்களை விட்டுப் போனது போன வருடம் ஆவணியில். கார்த்திகையில் ஒரு சூறாவளி வந்தது, அது உனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் அதன்பிறகு நிமிர்ந்து நிற்கும் தென்னைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உன் தையல் அறையின் ஓடுகள் எல்லாம் பறந்துவிட்டன. நானும் என் மனைவி ஜெசியும் மெசினைப் பாயால் சுற்றிக் கட்டிக் காப்பாற்றினோம். யன்னல் அப்படியே நிற்கிறது. மைதானத்துக்கு அப்பால் இருந்த தோப்பு விழுந்துவிட்டதால் இப்போது அங்கிருந்து பார்த்தால் வாவி தெரிகிறது. நீ இருந்திருந்தால் அந்தத் தோப்புக்காக அழுதிருப்பாய், அழுதுவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு தைத்திருப்பாய்.

நம் கிரிக்கெட் கழகத்தின் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி விக்டர் அண்ணன் கேட்டார். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். உன்னைப் பற்றி எழுத வரவில்லை, உனக்கு எழுதத்தான் வருகிறது. ஊரும் வாசிக்கும். வாசிக்கட்டும். ஊர் கேட்கச் சொல்லவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லிக்கொள்கிறேன். புளியந்தீவில் கலியாணச் சட்டை தைப்பதென்றால் ஸ்தெல்லாவிடம்தான் போக வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. பறங்கி வீட்டு மணப்பெண்களும் நம் ஆட்களும் உன் மாடிப்படியில் வரிசையாக நிற்பார்கள். மெசின் போட்டிருந்த யன்னலுக்கு நேரே மைதானம். நீ மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை, அந்த நாளில் பெண்பிள்ளைகள் வைப்பதுமில்லை. ஆனால் ஒரு பந்து விடாமல் பார்ப்பாய். உன் அளவுக் கொப்பியின் முன்பக்கத்தில் மணப்பெண்களின் தோள் அளவும் இடுப்பளவும் இருக்கும். கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் துடுப்பாட்டக்காரர்கள் இருப்பார்கள். யார், எத்தனை ஓட்டம், எந்தப் பந்துக்கு, எப்படி ஆட்டமிழந்தார் என்று எல்லாம் அதே பென்சிலால் எழுதியிருப்பாய்.

நான் தொடக்க ஆட்டக்காரன். அடிப்பவன் இல்லை, நிற்பவன். இரண்டு நாள் ஆட்டங்கள் இருந்தவரைக்கும் அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு நாற்பது ஓவர்க் கிண்ணம் தொடங்கினார்கள். தேத்தண்ணிக் கடை இரண்டாகப் பிரிந்தது என்னை வைத்துத்தான்.

"நாப்பது ஓவருக்குள்ள நூத்தம்பது வேணும். இவன் முப்பது ஓவர் நிண்டு முப்பது எடுக்கான். இதென்ன கிரிக்கெட்டா, காவல் வேலையா?"

"அவன் ஒரு பக்கம் நிண்டாத்தானேகா மத்தவனுகள் அடிக்கேலும்!" காசிம் நானா எப்போதும் என் கட்சி.

"கொக்கட்டிச்சோலப் பொடியன் குணத்தப் போடுங்க. நாலு ஓவர்ல ஆட்டத்தத் திருப்பி உட்டிருவான்."

இதையெல்லாம் நான் உன்னிடம் வந்து சொல்வேன். நீ வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கேட்பாய். ஒரு நாள் ஊசிகளை எடுத்துவிட்டு, "அவங்க சொல்றதில பாதி சரி தம்பி. ஒண்டு ரெண்டு ஓடி எடுக்கப் பழகு, நாலு அடிக்கத் தேவல்ல" என்றாய். நான் பழகினேன். அந்தப் பருவத்தில் குணமும் நானும் சேர்ந்து தொடங்கினோம். அவன் அடித்தான், நான் ஓடினேன். கடையில் ஒரு மாதம் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பந்து வந்தது. தும்புப் பாய் விரித்த ஆடுகளத்தில் ஒரு பந்து எழும்பி என் இடது புருவத்தில் பட்டது. நாலு தையல் போட்டார்கள். இரண்டு கிழமையில் காயம் ஆறிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஆனால் சில மாதங்களில் என் ஆட்டம் போய்விட்டது.

நாலு. ஒன்று. பூச்சியம். ஏழு. ஒவ்வொரு தரமும் பந்து என் காலடிக்கு வந்தது, நான் மட்டையைக் கொண்டுபோன இடத்தில் அது இருக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஊர் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். வயது போய்விட்டது என்றார்கள், எனக்கு அப்போது இருபத்தெட்டு. அடிபட்ட பயம் என்றார்கள். கலியாணம் பேசுகிறார்கள், அதுதான் கவனம் இல்லை என்றார்கள். காசிம் நானா மட்டும், "ஆட்டம் போறதும் வாறதும்தான். ஒள்ளுப்பம் பொறுங்க, அவன்ட நாள் வரும்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். மற்றவர்கள் திட்டியதைவிட அந்த மனுசன் விடாமல் நம்பியதுதான் எனக்கு வலித்தது.

நீ இரண்டு தரம் கேட்டாய். முதல் தரம் நான் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபோது.

"கண்ணில ஏதாச்சும் செய்யுதா தம்பி?"

"ஒண்டுமில்லக்கா. நித்திரை காணாது."

இரண்டாம் தரம் நான் கதவு நிலையில் இடித்துக்கொண்டபோது கேட்டாய். அப்போதும் அதைத்தான் சொன்னேன். அக்கா, எனக்குத் தெரிந்திருந்தது. மாசியில் தபசு காலம் தொடங்கியபோதே இடது கண்ணின் ஓரத்தில் புகை மாதிரி ஒரு நிழல் வந்துவிட்டது. சொன்னால் அணியில் எடுக்கமாட்டார்கள். வேலை பார்க்கும் கந்தோரிலும் தெரிந்துவிடும். நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிறவனுக்குக் கண் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? ஒவ்வொரு காலையும் எழும்பி வலது கண்ணை மூடிப் பார்ப்பேன். நிழல் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவேன்.

கல்முனைக்காரரோடு இறுதியாட்டம். சனிக்கிழமை காலையில் கழகப் பலகையில் அணியின் பெயர்களை ஒட்டினார்கள். பதினொரு பெயர்களையும் இரண்டு தரம் வாசித்தேன். என் பெயர் இல்லை. நேரே விக்டர் அண்ணனின் கராஜுக்குப் போனேன். பழைய லொறி ஒன்றுக்குக் கீழே படுத்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தெரிவுக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"என்னில கோவிக்காத மேன்," என்றார். "எனக்கு உன்ன விட மனமில்ல. இத வாசி."

உன் எழுத்து. அளவுக் கொப்பியில் இருந்து கிழித்த தாள்.

"மதிப்புக்குரிய தெரிவுக் குழுவினருக்கு. என் தம்பி ராசனை இந்த ஆட்டத்துக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய ஆட்டம் கெட்டுப்போகவில்லை. வலப்பக்கம் போகும் பந்தை இன்றும் மட்டையின் நடுவால் அடிக்கிறான். அவன் ஆட்டமிழந்த பந்துகள் எல்லாம் இடப்பக்கம் வந்தவை. களத்தில் விட்ட மூன்று பிடிகளும் இடப்பக்கமே. அவனுக்கு இடது கண் தெரியவில்லை என்று நம்புகிறேன். கேட்டால் மறுக்கிறான். இன்னொரு பந்து அந்தப் பக்கம் பட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஸ்தெல்லா."

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. நீ ஒரு வெள்ளைச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாய்.

"ஆரக் கேட்டு எழுதின நீ?"

"உன்னக் கேட்டனே தம்பி. ரெண்டு தரம் கேட்டன்."

"ஊருக்கு முன்னால என்னக் குருடனாக்கிப் போட்டாய்!"

"ஊருக்குச் சொல்லல்ல. குழுவில இருக்கிற மூணு பேருக்குத்தான் சொன்னன்." உன் கால் மெசினில் இருந்து இறங்கியது. "வா, டொக்டரிட்டப் போவம். இண்டைக்கே போவம்."

நான் போகவில்லை. அன்று தொடங்கிப் பதினொரு நாள் உன்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீ மூடி வைத்த சோற்றைத் தின்றுகொண்டு.

ஊர் கேட்க இதைச் சொல்லவேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள், காசிம் நானாவின் கடையில், பத்துப்பேருக்கு முன்னால் நான் சொன்னேன்: "கலியாணம் கட்டாம வீட்டில இருக்கிறவளுக்கு வேற என்ன வேல? யன்னலால எட்டிப் பாக்கிறதுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. காசிம் நானா என் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "போ தம்பி, இண்டைக்கு உனக்குத் தேத்தண்ணி இல்ல" என்றார். உன்னிடம் யாராவது வந்து சொன்னார்களா, அக்கா? இந்த ஊரில் சொல்லாமல் விடுவார்களா? நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க மூன்று வருடத்துக்கு மேல் எனக்குக் கிடைத்தது.

பன்னிரண்டாம் நாள் கந்தோரில் கரடியனாற்றுப் பக்கத்து வயல் வட்டை ஒன்றின் எல்லையை மையால் வரைந்துகொண்டிருந்தேன். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன ராசன், வயலக் குளத்துக்குள்ள கொண்டு போறீர்?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். கோடு எங்கோ போயிருந்தது. நான் நேராகத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அறை வாசலில் நின்றேன். நீ மெசினை நிறுத்தினாய். எழும்பி வந்து என் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாய். உன் கையில் தையல் சோக்கின் தூள் இருந்தது.

"என்ட முகம் தெரியுதா?"

"தெரியுது."

"என்னென்ன தெரியுது?"

"நெத்தி. ஒரு கண்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்லக்கா."

நீ கையை எடுக்கவில்லை. அப்படியே என் தலையைப் பிடித்து உன் தோளில் வைத்துக்கொண்டாய். இருபத்தெட்டு வயதுக்காரன், அளவெடுக்க வந்து படியில் நின்ற இரண்டு பெண்கள் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.

மறுநாள் காலை ரயிலில் கொழும்புக்குப் போனோம். வாழைச்சேனை தாண்டும்வரை நீ என் இடப்பக்கத்தில் இருந்தாய். பிறகு, "இந்தப் பக்கம் இருந்தா என்னத் தெரியாதே" என்று சொல்லி வலப்பக்கம் மாறி இருந்தாய். கண் டொக்டர் வெகுநேரம் விளக்குப் பிடித்துப் பார்த்தார். அடிபட்ட இடத்தில் விழித்திரை கிழிந்து மெல்ல மெல்லக் கழன்று வருகிறது என்றார். நடுப்பகுதிவரை வந்துவிட்டது, இன்னும் சில கிழமை போயிருந்தால் செய்ய எதுவுமில்லை என்றார். "எப்ப சொன்னவர் உங்களுக்கு?" என்று உன்னிடம் கேட்டார்.

"முந்தநாள்தான் டொக்டர். அதுக்கு முதல் அவனுக்கே ஒண்டும் தெரியாது. உடனே கூட்டி வந்திட்டன்."

நீ பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். எனக்குத் திட்டு விழாமல் இருக்கச் சொன்ன பொய்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். தலையை அசைக்கக்கூடாது. இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அந்த நாட்களில்தான் முதலாவது உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் வேகப்பந்து பட்டு நம் ஆட்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஆட்டம். நீ கட்டிலருகில் முக்காலியில் இருந்து பத்திரிகை வாசித்தாய்.

வார்டு முழுக்கக் கண் கட்டியவர்கள். பக்கத்துக் கட்டிலில் நீர்கொழும்பு மீன்காரர் ஒருவர். "அந்தத் துடுப்பாட்டக்காரன் ஆள் எப்படி? பின்னால் போறானா, முன்னால் போறானா?" என்று அவர் கேட்க, அங்காலே ஒருவர், "வேகத்துக்கு முன்னால் போனாச் செத்தான்" என்று சிங்களத்தில் சொல்ல, மற்றவர் தமிழில் மறுக்க, யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும் என்று முகம் காணாத எட்டுப் பேர் சண்டை பிடித்தோம். தாதி வந்து அதட்டினாள். நீ குரலைத் தாழ்த்தித் தொடர்ந்து வாசித்தாய். ஒவ்வொரு ஓவராக, ஒவ்வொரு பந்தாக வாசித்தாய். நம் ஆட்கள் தோற்றாலும் கடைசிவரை அடங்காமல் ஆடினார்கள். நீ முடித்தபோது மீன்காரர் கை தட்டினார்.

நீ போன பிறகு உன் கொப்பிக்குள் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கண்டெடுத்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஓட்டக் கணக்கும் நாலு வசனமும். மற்றதெல்லாம் உன்னுடையது. அந்தப் பந்துகளை எல்லாம் எங்கிருந்து எடுத்தாய், அக்கா?

கல்முனை ஆட்டத்தில் நாம் தோற்றோம். நான் இல்லாமல் தொடங்கிய குணம் ஆறு ஓட்டத்தில் போனான். "ராசன் இருந்திருந்தா" என்று கடையில் ஆரம்பித்தவர்களும் இருந்தார்கள், பெண்பிள்ளையின் கடிதத்தைக் கேட்டு அணியைத் தெரிவு செய்தால் இப்படித்தான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். விக்டர் அண்ணன் அசையவில்லை. நாம் ஊர் திரும்பிய கிழமை வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் மெசினுக்கு முன்னால் நின்றார்.

"ஸ்தெல்லா, நாங்க மூணு பேரும் மைதானத்துக்குள்ள நிண்டு பாத்தும் காணாத ஒண்ட நீங்க இஞ்ச இருந்து கண்டிருக்கீங்க. தெரிவுக் குழுவுக்கு வரவேணும்."

"எனக்குச் சட்டை தைக்க இருக்கு, விக்டர் அண்ணன்."

"கொப்பியையாவது தாங்க."

"கொப்பி என்ட. அது வாறதெண்டா நானும்தான் வரவேணும்."

போனாய். மூன்று பருவம் தெரிவுக் குழு மேசையில் இருந்தாய். முறுமுறுத்தவர்கள் முறுமுறுத்தார்கள். இரண்டாம் பருவத்தில் கிண்ணம் வந்தது. ஒருவரை நீக்கும்போது அவருடைய வீட்டுக்கே போய் ஏன் என்று நீ சொல்லிவிட்டு வருவாய். அந்த வழக்கத்தை விக்டர் அண்ணன் இன்றும் விடவில்லை.

நான் அதற்குப் பிறகு ஆடவில்லை. டொக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ஆட முடியாததற்காக நான் வருந்தியதுண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அக்கா, ஜெசியைப் பெண் பார்த்தது இந்த இரண்டு கண்ணால்தான். என் மகள் பிறந்தபோது அவள் காது எவ்வளவு சின்னது என்று பார்த்ததும், இன்று காலை ஒரு வட்டையின் எல்லையை மயிரிழை பிசகாமல் வரைந்து முடித்ததும் இந்தக் கண்களால்தான். நோய் முற்றி நீ கட்டிலில் கிடந்தபோது உன் முகத்தைக் கடைசிவரை முழுதாகப் பார்த்தேன். நெற்றி, இரண்டு கண், மூக்கு, எதையோ சொல்ல வந்து விட்டுவிட்ட வாய், எல்லாம் தெரிந்தது.

பத்துப்பேருக்கு முன்னால் சொன்ன அந்தப் பேச்சை இந்த ஊர் முழுக்க வாசிக்கத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ யன்னலால் எட்டிப் பார்த்தவள் இல்லை. எல்லாரும் ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்தவள். நன்றி என்று உன்னிடம் வாயால் ஒரு நாளும் சொல்லாமல் விட்டேன். நன்றி, அக்கா.

வருடத்துக்கு ஒரு தரம் கொழும்புக்குப் போய்க் கண்ணைக் காட்டவேண்டும் என்று டொக்டர் சொன்னதை நீ இருந்தவரைக்கும் தவறவிடவில்லை. இந்த வருடம் நான் போகவில்லை. பக்கத்தில் இருக்க ஆள் இல்லாமல் அந்த ரயிலில் ஏற மனம் வரவில்லை. இரண்டு மாதமாக வலது கண் மாலையில் கொஞ்சம் மங்குகிறது. ஜெசி கேட்டாள். "ஒண்டுமில்ல" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "மங்குது" என்றேன். வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.

இனி ஒருவரிடமும் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி ராசன்